கோடை இடியும் பஞ்சாங்கப் புரட்டும்

நமது நாட்டில் சித்திரை மாதம் பிறந்தவுடன் இரண்டு கூட்டத்தார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கின்றார்கள். ஒரு கூட்டத்தார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைப் பிரித்து, இந்த வருஷத்திற்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மேகாதிபதி இன்ன கிரகம், ஆகையால் மழை இத்தனை மரக்கால், அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்று படித்துவிட்டுத் தட்சணையை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுகின்றார்கள்.

மற்றொரு கூட்டத்தார் வானிலை ஆர்வலர்கள் என்று சொல்லப்படுகின்றவர்கள். இவர்களில் பள்ளிக்கூட உபாத்தியாயர் உண்டு, ஆபீசில் வேலை பார்ப்பவர் உண்டு, கல்லூரி மாணவர் உண்டு, உழுது பயிரிடுபவரும் உண்டு. தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரால் ஜனங்கள் அறிந்திருக்கும் தோழர் பிரதீப் ஜான் போன்ற சிலர் பிரபலமடைந்திருக்கின்றார்கள். பெயர் தெரியாதவர்களோ அநேகர். இவர்கள் கோடை நாட்களில் மத்தியானம் ஆனதும் ராடார் படத்தையும் செயற்கைக் கோள் படத்தையும் பார்த்து, “இன்று மாலை 4 மணிக்குமேல் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் பக்கங்களில் இடி மழைக்கு இடமிருக்கின்றது, காற்று மேற்கிலிருந்து தள்ளினால் இரவில் காஞ்சிபுரம் வரையில் வரலாம்” என்பதுபோல் எழுதுகின்றார்கள். மறுநாள் காலையில் எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற கணக்கையும், தாங்கள் சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் அவர்களே எழுதுகின்றார்கள்.

இவ்விரண்டு கூட்டத்தாருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி. பஞ்சாங்கக்காரர் சமஸ்கிருதத்தில் சொல்லுகின்றார், ஆர்வலர் தமிழில் சொல்லுகின்றார் என்பதல்ல. அவர் பழையவர், இவர் புதியவர் என்பதுமல்ல. ஆர்வலர் சொன்னது பொய் என்று நாளைக் காலையில் ஒரு தகர டப்பாவும் ஒரு அளவுகோலும் வைத்திருக்கும் எந்தச் சிறுவனும் ருசுப்பித்துவிடலாம். பஞ்சாங்கக்காரர் சொன்னதைப் பொய் என்று ருசுப்பிக்க பிரமனாலும் முடியாது. ஏன்? மரக்கால் என்றால் எந்த ஊர் மரக்கால், பூமி என்றால் எந்தத் தாலூகா, எந்தத் தேதி, எத்தனை மணி என்று அவர் சொல்லுவதே இல்லை. கடலில் பெய்த பங்கை அளந்து பார்த்தவன் யார்? பொய்த்துப் போவதற்கு வழி வைத்துச் சொல்லுகின்ற வாக்குத்தான் யோக்கியமான வாக்கு. எக்காலத்தும் பொய்க்காதபடி சாமர்த்தியமாய்ச் சொல்லப்படும் வாக்கில் மெய்யும் கிடையாது. இதுதான் சோதனை. இந்தச் சோதனைக்கு எந்தப் பஞ்சாங்கமாவது தயாரா என்று கேட்கின்றோம். சென்ற வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னது இது, நடந்தது இது என்று கணக்குக் காட்டிய புரோகிதர் ஒருவரையாவது நீங்கள் கண்டதுண்டா?

நிற்க, கோடை இடி மழை உண்டாவதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை. பங்குனி சித்திரை வெயிலில் தரை காய்கின்றது. தரையை ஒட்டிய காற்றும் காய்ந்து இலேசாகி மேலே கிளம்புகின்றது. மத்தியானத்திற்கு மேல் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாட்டிற்கு வருகின்றது. மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் இதுவும் சந்திக்கும் இடத்தில், அல்லது மலைச்சரிவில் மோதும் இடத்தில், ஈரக்காற்று இன்னும் வேகமாய் உயரே தள்ளப்படுகின்றது. உயரே போகப் போகக் குளிர்ந்து மேகமாகின்றது. நமது பிரதேசத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் தண்ணீர் உறையும் குளிர் இருக்கின்றது. இடி மேகமோ 12, 15 கிலோமீட்டருக்கும் மேலே வளர்ந்துவிடும். அதற்குள் சிறு பனித்துகள்களும் கனத்த பனி உருண்டைகளும் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரம் பிரிகின்றது. மேகத்தின் மேல்பாகத்தில் ஒருவகை மின்சாரமும் கீழ்பாகத்தில் எதிர்வகை மின்சாரமும் சேருகின்றன. தாங்கமுடியாத அளவு சேர்ந்தவுடன் மின்னலாய்ப் பாய்கின்றது. அப்போது அந்த வழியில் உள்ள காற்று 30,000 டிகிரி வரையில் சூடேறி வெடித்துப் பரவுகின்றது. அந்த வெடிச் சத்தம்தான் இடி. இதில் இந்திரன் எங்கே இருக்கின்றான்? வஜ்ராயுதம் எங்கே இருக்கின்றது?

“அப்படியானால் உங்கள் ஆர்வலர் சொல்லுவதும் சில நாள் தவறிப்போகின்றதே” என்று வைதிகர்கள் கேட்கலாம். தவறத்தான் செய்யும். ஒரு கோடை இடி மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரந்தான். ஒரு தெருவில் வெள்ளம் ஓடும்போது அடுத்த ஊரில் புழுதி பறப்பது இதனால்தான். இன்ன ஜில்லாவில் இடிக்கும் என்று காலையில் சொல்லலாம். இன்ன கிராமத்தில் என்பதை மேகம் கிளம்பிய பிறகே சொல்ல முடியும். சென்னையில் 2002இல் அமைக்கப்பட்ட டாப்ளர் ராடார் போன்றவை, வானொலி அலையை அனுப்பி, அது மழைத்துளியில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, மேகம் எங்கே இருக்கின்றது, எந்தப் பக்கம் நகருகின்றது என்று சில நிமிஷங்களுக்கொருமுறை காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, “வரலாம்” என்று சொல்லுவது கோழைத்தனமல்ல. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நாணயமாகும்.

இனி, பஞ்சாங்கத்தின் கத்திரி வெயிலை எடுத்துக்கொள்ளுவோம். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தின் பக்கம் நிற்கும் நாட்களாகிய மே மாதம் 4ந் தேதி சுமாரிலிருந்து 28ந் தேதி சுமார் வரையில் அக்கினி நட்சத்திரம் என்றும், அதுதான் உச்ச வெயில் என்றும் சொல்லி, வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, கல்யாணம் செய்யாதே என்று ஜனங்களைப் பயமுறுத்துகின்றார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்ச வெயில் 45 டிகிரி. அது எந்தத் தேதி தெரியுமா? 2003ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி! கத்திரி மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு வந்து கொளுத்தியிருக்கின்றது. அன்று கடற்காற்று தாமதமானால் பட்டணம் வேகும் என்ற காரணத்தை அறிந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. நட்சத்திரத்தை நம்பியவனுக்குத்தான் பதிலில்லை.

2019ஆம் வருஷத்துக் கோடையை ஞாபகப்படுத்துகின்றோம். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜனங்கள் குடத்தோடு லாரியின் பின்னால் ஓடினார்கள். அப்போது அரசாங்கத்தின் அறநிலையத்துறை என்ன செய்தது? கோயில்களில் மழைக்கு யாகம் செய்யும்படியும், வருண ஜபம் செய்யும்படியும், அமிர்தவர்ஷினி ராகம் வாசிக்கும்படியும், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு தண்ணீர் நிரப்பும்படியும் சுற்றறிக்கை அனுப்பிற்று. மனிதன் குடிக்கத் தண்ணீரில்லாத சமயத்தில் கல் மாட்டிற்குக் கழுத்தளவு தண்ணீர்! வருணன் கேட்டானா? மே மாதம் முழுவதும் சென்னை காய்ந்தே கிடந்தது. ஜூன் மாதம் மூன்றாவது வாரத்தில் தான் சிறிது மழையைக் கண்டது. அந்தப் பணத்தில் ஏரியைத் தூர் வாரியிருந்தால் அந்த மழையாவது தங்கியிருக்குமல்லவா?

இதெல்லாம் வெறும் பரிகாசத்திற்குரிய சங்கதியாயிருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இது உயிர்ச் சங்கதி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2021இல் 2,880 பேர், 2022இல் 2,887 பேர். தினம் ஒன்றுக்கு ஏழு, எட்டு பேர். இவர்கள் யார்? மெத்தை வீட்டில் பஞ்சாங்கம் படிப்பவர்களா? அல்ல. பெரும்பாலும் வயலில் நடவு நட்ட பெண்கள், ஆடு மாடு மேய்த்த சிறுவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய கூலியாட்கள். இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லு, ஒன்றும் செய்யாது என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். மரத்தடியை விட்டு விலகு என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தார்கள்? இறந்த பிறகும் விடுவதில்லை. பாவம் செய்தான், தெய்வம் தண்டித்தது என்று கூலிக்காரன் பிணத்தின் மேலேயே பழியையும் போட்டுவிடுகின்றார்கள்.

இந்த மூடத்தனம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதென்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் இடி வந்தால் சர்ச்சு மணியை அடித்துப் பேயை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் 1784இல் வெளியான ஒரு புஸ்தகம், 33 வருஷத்தில் 386 மணிக் கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்தவர்கள் 103 பேர் செத்தார்கள் என்று கணக்குக் கொடுத்தது. மின்னல் என்பது மின்சாரமே என்று பிராங்கிளின் சொன்னது 1752இல் பரிசோதனையால் ருசுவாகி, இடிதாங்கிக் கம்பி ஏற்பட்ட பிறகும், கடவுள் சித்தத்தைத் தடுப்பது பாவம் என்று பாதிரிகளில் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் சர்ச்சுக் கோபுரத்திலேயே கம்பி ஏறிற்று.

நம்மவர் புரட்டோ இதிலும் ஒரு படி மேல். கோபுரக் கலசமும் அதிலுள்ள வரகும்தான் இடிதாங்கி, நம் பெரியோர்கள் அப்போதே விஞ்ஞானம் அறிந்திருந்தார்கள் என்று இப்போது புதிதாய்ப் புளுகுகின்றார்கள். இடிதாங்கி என்றால் உச்சியிலிருந்து மண்ணுக்குள் வரையில் அறுபடாமல் உலோகக் கம்பி இறங்கவேண்டும். கலசத்திலிருந்து எந்தக் கம்பி இறங்குகின்றது? உச்சியில் செம்பை வைத்துக் கீழே செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தால் அது இடியைத் தாங்காது. 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆம்பேர் கோட்டைக்கருகில் உயரமான காவற் கோபுரத்தில் நின்றுகொண்டிருந்த 11 பேரை மின்னல் கொன்றது. உயரமான இடத்தைத்தான் அது தேடுகின்றது. புண்ணியத்தையும் பாவத்தையும் அது தேடுவதில்லை.

நிற்க, நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சாங்கத்தை வீசி எறிந்துவிட்டு அந்த ஆசனத்தில் வெதர்மேனை உட்கார வைப்பது பகுத்தறிவு ஆகாது. மழை பெய்தால் “நீரே தெய்வம்” என்பதும், பெய்யாவிட்டால் வாயில் வந்தபடி வைவதும், ஜோசியனிடத்தில் பழகிய பழைய அடிமைப் புத்தியேயாகும். அவர் சொன்னால் “ஏன்?” என்று கேளுங்கள். ராடார் படம் உங்கள் கைப் போனிலும் வருகின்றது, அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்வலர்களுக்கும் சொல்லுகின்றோம்: ஜனங்கள் கைதட்டுகின்றார்கள் என்பதற்காகப் பயமுறுத்தும் தலைப்புப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் நீங்களும் தட்சணை வாங்காத புரோகிதர்கள்தான். அரசாங்கத்திற்கும் சொல்லுகின்றோம்: வானிலை இலாகா 1875இல் ஏற்பட்டது. இன்று மூன்று மணி நேரத்திற்குள் வரப்போகும் இடி மழைக்கு எச்சரிக்கை கொடுக்கின்றது. புனாவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் தாமினி என்ற செயலியையும் செய்திருக்கின்றார்கள். நல்லதுதான். ஆனால் நடவு வயலில் நிற்கும் பெண்ணுக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு சங்கு ஊதக்கூடாதா? அந்தச் சங்கு ஊதினால், அரை நாள் கூலி போகுமே என்ற பயமின்றி வேலையாள் கரையேறிப் போக உரிமை வேண்டாமா? திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டத் தெரிந்த ஊருக்கு இது முடியாத காரியமா?

அதுவரையில் தோழர்கள் தங்கள் தங்கள் ஊரில் செய்யக்கூடியதைச் செய்யவேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் அத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இடி இருக்கின்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே ஆபத்து எல்லைக்குள் இருக்கின்றோம் என்றும், மரத்தடியையும் குளத்தையும் வெட்டவெளியையும் விட்டுக் கட்டடத்திற்குள் போகவேண்டும் என்றும், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியில் வரவேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொட்டால் தீட்டுமில்லை, ஆபத்துமில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சத்தீஸ்கர் முதலிய இடங்களில் சாணத்தில் புதைத்து வைத்துப் பிழைக்கக் கூடியவரையும் சாகவிட்டதுபோல் விட்டுவிடக்கூடாது. ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று கணக்குச் சொல்லுங்கள். அடுத்த சித்திரை முதல் தேதியன்று, பஞ்சாங்கம் படிக்கும் அதே நேரத்தில், அந்த ஒரு வருஷக் கணக்கைப் பொது ஜனங்கள் முன் படித்துக் காட்டுங்கள். மரக்காலா மில்லிமீட்டரா என்பதை ஜனங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.