விஷமுறிவு மருந்து எங்கே இருக்க வேண்டும்?



கனடாவின் வான்கூவரில், ஓபியாய்டு போதை மருந்து அளவு மீறியதால் மூச்சுத் திணறியவர்கள் எந்தெந்த இடங்களில் விழுந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் அவசர சிகிச்சைப் பதிவுகளிலிருந்து வரைபடத்தில் குறித்தார்கள். அதற்கான முறிமருந்தான நலாக்சோனைப் பேருந்து நிறுத்தங்கள் போன்ற எந்தப் பொது இடங்களில் வைத்தால் அதிகப் பேருக்கு எட்டும் என்று கணக்கிட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்தக் கணக்கு பாம்புக்கடிக்குத் தேவை.

கீரமங்கலம், வடகாடு பக்கம் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்களும், ஆவுடையார்கோவில் வயல்களில் இரவில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களும் இருட்டில்தான் கால் வைக்கிறார்கள். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரையும் கடிக்கும். வீக்கமோ வலியோ பெரிதாக இராது. தூக்கம் கலைந்தவர் பூச்சிக்கடி என்று மறுபடி படுத்துவிடுவார். மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது விடிந்திருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றே.  

நலாக்சோனைப் போல இதைப் பேருந்து நிறுத்தத்தில் வைக்க முடியாது. ரத்த நாளம் வழியே ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க மருத்துவர் வேண்டும். ஆகவே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் மருத்துவரும் மருந்தும் இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

விடை கையிலேயே இருக்கிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் தெரிவித்தாக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் அழைப்பு வந்த இடங்களும் பதிவில் உண்டு. இரண்டையும் சேர்த்து, பெயர்களை நீக்கி, ஊர்வாரியாக வரைபடமாக்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் மருந்து இருப்பை அதன்படி மாற்றி அமைக்க மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், ஆலங்குடி