உட்கார்ந்து பார்த்தீங்களா?

பிளேஸ்மென்ட் முடிஞ்ச ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரே கேள்விதான் ஓடிச்சு. முதல் சம்பளத்துல என்ன வாங்குவ? பைக், அம்மாவுக்கு வளையல், புது போன் என்று பதில்கள் வந்துக்கிட்டே இருந்தப்போ ஒருத்தி சொன்னா: "ஒரு விண்டேஜ் ஈசி சேர். பால்கனியில போடணும்." யாரும் சிரிக்கல. ஏன்னா அந்தப் படம் எங்க எல்லார் போன்லயும் சேவ் ஆகியிருக்கு. வெள்ளைச் சுவர், ஒரு மணி பிளான்ட், பக்கத்துல பிரம்பு பின்னின பழைய சாய்வு நாற்காலி.

எனக்கு இன்னும் ஒரு வசதி. அந்த நாற்காலி எங்க குடும்பத்துலயே இருந்தது. பழவேற்காட்டுல, ஆயா வீட்டுத் திண்ணையில. மீன் வியாபாரம் நல்லா போன ஒரு காலத்துல, பஜார் பக்கம் யாரோ பழைய வீட்டை இடிச்சப்போ தாத்தா வாங்கிப் போட்டது. தேக்கு மரம், முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்பு, காலைத் தூக்கிப் போட்டுக்க நீளமான கை. வேலைக்குப் போனதும் அதைத் தூக்கிட்டு வந்து என் ரூமில போட்டுக்கணும்னு மனசுக்குள்ள முடிவே பண்ணி வச்சிருந்தேன்.

பொங்கல் லீவுல போனா, எனக்கு முன்னாடியே ஒருத்தர் அதைக் கேட்டுட்டுப் போயிருந்தார். பழைய சாமான் வாங்குறவர். "டச்சுக்காரன் காலத்து சேர்" என்று அவரே சொல்லி, 4,000 ரூபாய் விலையும் சொல்லியிருந்தார். படகு இன்ஜின் ரிப்பேர்ல கிடந்ததால சித்தப்பாவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. கொடுத்துடலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனா நாற்காலி போகுதேன்னு இல்ல, எனக்குக் கிடைக்காமப் போகுதேன்னுதான் கோபம். இதை ஒத்துக்கிட்டுத்தான் மேல எழுதணும்.

அந்தக் கோபத்துல நாற்காலியைப் பத்தி நிறைய படிச்சேன். படிச்சதுல எனக்குத் தோணினது இது: பழைய நாற்காலி வாங்கும்போது நாம தப்பான கேள்விகளைக் கேட்கிறோம். "எவ்வளவு பழசு? போட்டோவுல எப்படி இருக்கும்?" என்று கேட்கிறோம். "இதுல யார் உட்காரப் போறாங்க? பிரம்பு அறுந்தா யார் பின்னுவாங்க?" என்றுதான் கேட்கணும்.

முதல்ல வயசு. எங்க ஊர்ல எது பழசா இருந்தாலும் டச்சுக்காரன் தலையில கட்டிடுவாங்க. காரணம் இல்லாம இல்ல. கெல்டிரியா கோட்டை 1613-ல கட்டினது. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களோட தலைமையிடம் பழவேற்காடுதான். ஆனா அந்தக் கோட்டையே இன்னிக்குப் புதருக்குள்ள கிடக்கு. எங்க திண்ணையில இருந்தது மாதிரி நீளக் கை வச்ச நாற்காலி, தோட்டக்காரத் துரைகளும் கலெக்டர் பங்களாக்களும் இருந்த 19-ஆம் நூற்றாண்டுல பரவின வடிவம். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில ஒரு பிளஸ் தலை ஸ்க்ரூ. அந்த வகை ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930-களில்தான். பிற்பாடு ரிப்பேர் செஞ்சப்போ போட்டதாவும் இருக்கலாம். ஆனா "டச்சு" என்று சொல்லி விலை கேட்கிறவர்கிட்ட முதல்ல காட்ட வேண்டியது அந்த ஸ்க்ரூவைத்தான்.

பெரிய ரசிகர்களே வயசுல ஏமாந்திருக்காங்க. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ஹொரேஸ் வால்போல்னு ஒரு எழுத்தாளர், பழம்பொருள் சேகரிப்பாளர். செதுக்கு வேலை நிறைஞ்ச கருங்காலி நாற்காலிகளைப் பார்த்து, இது டியூடர் மன்னர்கள் காலத்து இங்கிலீஷ் வேலைன்னு முடிவு கட்டி, தன்னோட ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். அந்த வகை நாற்காலிகள் 17-ஆம் நூற்றாண்டுல நம்ம சோழமண்டலக் கரையில ஐரோப்பியர்களுக்காக நம்ம ஆசாரிகள் செஞ்சதுன்னு பிற்பாடுதான் தெளிவாச்சு. கண்ணால பார்த்து வயசு சொல்றதுல அவருக்கே அந்தக் கதின்னா, மூணு போட்டோ பார்த்து ஆர்டர் போடுற நமக்கு?

சட்டம் ஒரு கணக்கு வச்சிருக்கு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவா 100 வருஷம் ஆன கலைப்பொருளும் கைவினைப்பொருளும்தான் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "விண்டேஜ்" என்பதற்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. விற்கிறவர் வாய்தான் கணக்கு.

விலையும் அப்படித்தான். சண்டிகர் அலுவலகங்களுக்காக 1950-களில் பியர் ஜானரே வடிவமைச்ச தேக்கு, பிரம்பு நாற்காலிகளை, பழசாயிடுச்சுன்னு குவியல் குவியலா ஏலத்துல கழிச்சுக் கட்டினாங்க. அதே நாற்காலிகள் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் லட்சக்கணக்குல விலை போனப்போதான் இங்கே முழிச்சாங்க. 2011-ல மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட்டது. நாற்காலி மாறவே இல்ல. அதைப் பத்திச் சொல்ற கதை மாறினதும் விலை மாறிடுச்சு.

அப்போ எதைப் பார்த்து வாங்குறது? மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டா எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

ஒண்ணு, உட்காருங்க. அஞ்சு நிமிஷமாவது. ஸ்வீடன் மருத்துவர் நாகெம்சனும் அவர் கூட இருந்தவங்களும் 1960, 70-களில் முதுகெலும்புத் தட்டுகளுக்குள்ள ஊசி வச்சு அழுத்தத்தை அளந்தாங்க. நிமிர்ந்து உட்காரும்போது இருக்கிற அழுத்தம், முதுகைப் பின்னால சாய்ச்சா குறையுது. ஈசி சேரோட முழு இன்ஜினியரிங்கும் அந்தச் சாய்மானம்தான். உங்க முழங்காலுக்குப் பின்னால விளிம்பு அழுத்தினாலோ, எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தாலோ, அது எவ்வளவு அழகா இருந்தாலும் உங்களுக்கானது இல்ல.

ரெண்டு, ஆட்டிப் பாருங்க. மரத்துல துளை போட்டுச் செருகி, மரக்கட்டை முளை அடிச்ச மூட்டு தளர்ந்தா திரும்ப இறுக்கலாம். உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இரும்பு ஆணி துருப்பிடிச்சு மரத்தையும் சேர்த்துக் கெடுத்துடும். அடியில புதுசா மரத்தூள் கொட்டியிருந்தா உள்ளே பூச்சி இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

மூணு, தேய்மானத்தைப் பாருங்க. கை வைக்கிற இடம், குதிகால் படுற இடம், தலை சாயுற இடம் தேஞ்சிருந்தா உண்மை. எல்லா இடமும் ஒரே அளவுக்குத் தேஞ்சிருந்தா யாரோ உப்புத்தாள் போட்டிருக்காங்க.

நாலு, பிரம்பைப் பாருங்க. சட்டத்தைச் சுத்தித் துளை போட்டு ஒவ்வொண்ணா கோத்துப் பின்னினதா, இல்ல ரெடிமேடா வர்ற பின்னலைப் பள்ளத்துல அழுத்தி ஒட்டினதா? எதுவானாலும் ஒரு நாள் அறுந்துபோகும். அதனால வாங்குறதுக்கு முன்னாடியே பின்னத் தெரிஞ்ச ஆளைத் தேடி வச்சுக்கோங்க. நம்ம நாட்டுல பார்வையில்லாதவங்க பல பேர் விரலாலேயே எண்ணி எண்ணி இந்த வேலையைச் செய்து பிழைச்சிருக்காங்க. பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அந்த வேலை சுருங்கிடுச்சு.

பழசு வாங்குறதே தப்புன்னு நான் சொல்ல வரல. இடிக்கிற வீட்டுல இருந்து வியாபாரி தூக்கிட்டு வரலைன்னா பாதி நாற்காலி விறகாகியிருக்கும். காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல இருக்கிறதுல எத்தனையோ அப்படித் தப்பிச்சதுதான். ஆனா ஒரு கேள்வி கேட்டுடுங்க: இது காலியான வீட்டுல இருந்து வந்ததா, இல்ல யாரோ எழுந்து இடம் கொடுத்துட்டு வந்ததா?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்ததுன்னா, ஆயாகிட்ட இருந்து. அந்த லீவுல ரெண்டாவது ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்போ பாய் காலியா இருந்தது. ஆயா திண்ணையில, அந்த நாற்காலியில, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு தூங்கிட்டு இருந்தாங்க. காலையில கேட்டேன். "படுத்தா மூச்சு முட்டுதும்மா. இதுல சாஞ்சாத்தான் கண்ணு அசருது. ரெண்டு வருசமா இப்படித்தான்." வீட்டுல யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்டயும் சொல்லல. விற்கிற பேச்சு நடந்தப்போகூட ஆயா வாயைத் திறக்கல. இன்ஜின்தானே முக்கியம்னு இருந்துட்டாங்க.

மறுநாளே பொன்னேரிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இன்டர்ன்ஷிப்ல வந்த பணத்தை சித்தப்பாகிட்ட இன்ஜினுக்குக் கொடுத்தேன். மீதியை அவர் கடன் வாங்கினார். இருக்கைப் பிரம்பு ஒரு ஓரமா அறுந்து தொங்கினதால பின்ன ஆள் தேடினோம். கிடைச்சவர் "பிரம்பு இப்போ பின்றதில்ல, ஒயர்தான்" என்றார். நான் தயங்கினேன். நூறு வருஷத் தேக்குல பிளாஸ்டிக் ஒயரா? ஆயா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "காத்து வருமா?" வரும் என்றார்.

இப்போ அந்த நாற்காலிக்கு நீல கலர் ஒயர் இருக்கை. எந்த வியாபாரியும் 4,000 கொடுக்க மாட்டார். என் ரூமுக்கும் வராது. போட்டோ எடுத்தா நல்லாவும் இல்ல. ஹாஸ்டல் தோழி கேட்டா, முதல் சம்பளத்துல தாராளமா வாங்குன்னுதான் சொல்வேன். வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெரியவங்க ராத்திரி எங்கே, எப்படித் தூங்குறாங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டு வா என்றும் சொல்வேன். ஒருவேளை நாற்காலி தேவைப்படுறது உன் பால்கனிக்கு இல்லாம இருக்கலாம்.