எல்லைப் பகுதியை விட்டுவிடக் கூடாது

காவிரிப் படுகையின் சோழர்கால வயல் அமைப்பில் பெரிய கோடுகள் பலவும் இன்னும் அழியவில்லை. திருச்சியின் உய்யக்கொண்டான் வாய்க்காலும், கீழே முடிகொண்டான், வீரசோழன் ஆறுகளும் அரசர்களின் பட்டப்பெயர்களோடு இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகின்றன. அவற்றின் கிளைகளிலும் ஊர் எல்லைகளிலும் வடிகால்களிலும் அதே பழமை தங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. தனி வயலின் வரப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. பாகப்பிரிவினையும் விற்பனையும் வயலைத் துண்டாக்கிவிட்டன. அண்டை வெட்டிச் சேறு பூசும் ஒவ்வொரு முறையும் வரப்பு சற்றே இடம் மாறக்கூடும். ஆகவே கள ஆய்வை வாய்க்காலிலும் ஊர் எல்லையிலும் தொடங்கி, வரப்புக்குக் கடைசியாக வருவதே சரி.

இந்தக் கோடுகளைப் படிக்கச் சாவி கல்வெட்டுகளில் இருக்கிறது. பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர்களில் ஒரு நிலத்தை அடையாளம் காட்டும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று வரிசையாகச் சொல்வார்கள். வதி தெற்கு வடக்காகப் போகும். வாய்க்கால் கிழக்கு மேற்காகப் போகும். இரண்டும் சேர்ந்து ஊரைக் கண்ணாறு, சதிரம் என்னும் கட்டங்களாகப் பிரிக்க, கட்டங்களுக்கு எண் கிடைக்கிறது. நிலம் கிழக்கே சரியும் படுகையில் இது தண்ணீரின் போக்குக்கு இசைந்த ஏற்பாடு. ராஜராஜன் காலத்தில் 1001-இலும் முதற்குலோத்துங்கன் காலத்தில் 1086-இலும் நிலம் அளக்கப்பட்டது. அளவின் அலகு வேலி. அதில் 20-இல் ஒரு பங்கு மா. 320-இல் ஒரு பங்கு முந்திரி. அதற்கும் கீழே பின்னங்கள் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் வரி விதிக்காமல் கழித்த இடங்களில், ஊர்நத்தம், குளம், சுடுகாட்டோடு ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்காலையும் சேர்க்கின்றன. வாய்க்கால் ஓடிய நிலமும் கணக்கில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த லெய்டன் பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 97 வேலி நிலம். பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். பக்கத்து ஊர்களின் பெயரும் வாய்க்கால்களும் திசைவாரியாக வருகின்றன. இத்தகைய கொடைகளில் எல்லையோடு நீருரிமையும் சேர்ந்தே வரும்: வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சலாம், மிகுந்ததை வடிக்கலாம், பிறர் அந்த வாய்க்காலைக் கிளை பிரிக்கவோ, குறுக்கே அடைக்கவோ, சிற்றேற்றம் போடவோ, கூடையால் இறைக்கவோ கூடாது. பாய்ச்சலும் வடித்தலும் ஒரே உரிமையின் இரு பாதிகளாக அங்கே நிற்கின்றன.

ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் பாசனத்தின் மேல்தான் விழுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் நீருக்குள் நிற்கும் தாழ்ந்த சமவெளியில் ஊரைக் காப்பது வடிகால். களத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல: பாசன வாய்க்கால் மேட்டைப் பிடித்துப் போகும், வடிகால் பள்ளத்தைத் தேடும். பள்ளத்தை மனிதன் எளிதில் மாற்ற முடியாது. அதனால் பழைய தடம் நிலைத்திருக்க வாய்ப்பு அதிகம். மேலூரின் வடிகால் கீழூருக்குப் பாசனமாவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊரின் செப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் பாதிதான் தெரியும்.

பின்னாள் வேலைகள் இந்தப் பழைய அமைப்பின்மேல் படிந்திருக்கின்றன. 1836-இல் மேலணை, 1934-இல் மேட்டூர் அணை, அதையொட்டி வந்த கல்லணைக் கால்வாய் ஆகியவை நீரின் அளவையும் வழியையும் மாற்றின. 1960-களில் எடுத்து, 1995-இல் வெளிப்படையாக்கப்பட்ட அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்கள் அண்மைக்கால மனைப்பிரிவுகளுக்கு முந்திய நிலத்தைக் காட்டுகின்றன. வருவாய்த் துறையின் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் அவற்றோடு ஒப்பிட்டால், எது பழைய கோடு, எது பிற்காலத்தது என்று ஓரளவு பிரிக்கலாம்.

அழிவு வேகமாக நடக்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்த வடிகால் முதலில் குப்பைமேடாகி, பிறகு மனையாகிறது. தூர்வாரப் பொக்லைன் இறங்கும் இடத்தில் பழைய கரையின் அடுக்குகள் ஒரே நாளில் போய்விடுகின்றன. தூர்வாருவது தேவையான வேலை, தடுக்கக் கூடாது. அதற்கு முன் கரையின் குறுக்குவெட்டைப் படமெடுத்து அளந்து வைக்க அரை நாள் போதும்.

கல்வெட்டு ஆய்வு என்னும் நம் துறையின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் சுருக்கத்தையே தந்தன. அரசன், ஆண்டு, கொடை அதில் வந்துவிடும், எல்லை வராது. தனிக் கட்டுரைகளிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. இனிக் கல்வெட்டையோ செப்பேட்டையோ பதிப்பிப்பவர்கள் எல்லைப் பகுதியை வரி விடாமல் அச்சிட வேண்டும். அதில் வரும் வாய்க்கால், வதி, ஊர்ப் பெயர்களை இன்றைய புல எண்களோடு இணைத்துப் பட்டியல் தர வேண்டும். அறுவடை முடிந்த கோடையில் ஒரு முறையும், தண்ணீர் நிற்கும் கார்த்திகையில் ஒரு முறையும் அந்த எல்லையை நடந்து பார்த்து எழுத வேண்டும்.