கதைத்து முடிக்கிற களவு

யாழ்ப்பாணத்தில் கடைக் கணக்கில் காசு குறைந்தால் முதலாளி முதலில் போவது பொலிசுக்கு அல்ல, கணக்கு எழுதிய பொடியனின் தகப்பன் வீட்டுக்கு. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் இருப்பார். தாயின் சங்கிலி அடகுக்குப் போகும், அல்லது கனடாவில் இருக்கிற தமையன் காசு அனுப்புவார். பொடியன் வேலையை விடுவான். வெளியில் தெரியவேண்டாம் என்பதில் மட்டும் இரு பகுதியும் ஒற்றுமை.

வழக்கென்றால் தவணைக்குத் தவணை அலைச்சல். கணக்குப் புத்தகங்களும் நீதிமன்றத்துக்குப் போய்விடும். வரிக்குக் காட்டாத வியாபாரம் அதில் இருந்தால்? (பல முதலாளிமாரின் மௌனத்துக்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.) ஆனால் அகப்பட்டால் திருப்பிக் கொடு, அகப்படாவிட்டால் உனக்கே என்ற வட்டியில்லாக் கடனை எந்த வங்கி தரும்? அடுத்த தெருக் கடைக்காரர், ஒன்றும் அறியாமல், அவனையே காசுமேசையில் இருத்துவார்.

சட்டத்தில் குறையில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 391ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. அதைக் கூட்டினால் களவு குறையும் என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். ஏசியா பசிபிக் புரூவரீஸ் நிறுவனத்தின் நிதி முகாமையாளர் சியா டெக் லெங், பணிப்பாளர் சபைத் தீர்மானங்களைப் போலியாகத் தயாரித்து, நான்கு வங்கிகளிடம் 11.7 கோடி சிங்கப்பூர் டொலர் சுருட்டினார். பெரும்பகுதி சூதில் போனது. 2004இல் 42 ஆண்டு சிறை கிடைத்தது. கடுமைக்குப் பேர்போன அந்த நாட்டிலேயே நான்கு ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. தண்டனை எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். பிடிபடமாட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். தண்டனையின் கொடூரத்தைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார்.

ஆகவே காசு வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். மோசடி நடந்தால் முறைப்பாடு செய்வோம் என்று வேலைக்கு எடுக்கும் நாளிலேயே சொல்லட்டும், சொன்னபடி செய்யட்டும். பொலிசைக் காட்டிக் காசை வாங்கிவிட்டு முறைப்பாட்டை மீளப்பெறுவது பழைய பேரம்தான். கணக்குப் பிழையெல்லாம் மோசடியுமல்ல. நேர்மையற்ற எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும்.

காசைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு இரக்கம் காட்டலாம். அதை நீதவான் காட்டட்டும். முதல் குற்றமென்றால் சிறைத்தண்டனையை ஒத்திவைக்கவும் நீதிமன்றத்தால் முடியும். ஆனால் குற்றத்தீர்ப்பு பதிவில் நிற்கும். வெளிநாட்டு விசாவுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அது எழுந்துவரும். வெளிநாடு போகக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிற ஊரில், மறியலைவிட அதற்குத்தான் பயம் அதிகம்.