மூலிகை வைத்தியமும் அதன் எல்லையும்

திருநாவலூரிற் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானைமீது கயிலைக்குச் செல்ல, அவர் தோழர் சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதிப் பின்தொடர்ந்தார் என்பது பெரியபுராண வரலாறு. குதிரைக்கு இத்துணைப் பெருமை அளித்த நாட்டில் அதற்கு வைத்தியம் அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை யென்றும், தீனி முறையும் சிகிச்சையும் அறியாமையே காரணமென்றும் எழுதினார். குதிரை வியாபாரிகள் வைத்தியர்களை இங்கு வரவிடவில்லை யென்றும் குறித்தார். குதிரை சாகச் சாக வியாபாரம் பெருகுமன்றோ!

சீனத்தில் யூ சகோதரர் இருவர் 1608-இல் குதிரை வைத்திய நூலொன்றைத் தொகுத்து, நோய்க்குறிகளையும் மூலிகைகளையும் எழுதி வைத்தனர். நம்மிடமும் நூல்கள் இல்லாமலில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் 1952-இல் அச்சிட்டது. மாட்டு வாகடங்களும் உண்டு. ஆயினும் கிராமத்தில் வழங்கும் வைத்தியம் பெரும்பாலும் வாய்மொழியே. "ஒரு கைப்பிடி" என்பார்கள். யார் கைப்பிடி யென்று சொல்லமாட்டார்கள்.

அளவு நிர்ணயமானால் மூலிகை எவ்வளவு பயன்படும் என்பதற்குக் கறவை மாட்டின் மடிவீக்கமே தக்க உதாரணம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் தேசிய பால்வள வாரியத்தாரும் பரப்பிவரும் முறை இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சட்பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைக்கவும். ஆரத்தி போலச் சிவந்த விழுதாகும். பாலை முழுதும் கறந்து நீக்கி, மடியைக் கழுவி, விழுதில் ஒரு கை எடுத்து நீர்விட்டுக் கரைத்து நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் தடவவேண்டும். செலவு அற்பம். கடையிற் கேட்டு வாங்கிய ஊசி மருந்தை அரைகுறையாகப் போட்டு, அம்மருந்து கலந்த பாலைப் பிள்ளைகளுக்கு ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் துணிபு.

நிற்க, எல்லையையும் சொல்லவேண்டும். மாடு காய்ச்சல் கண்டு தீனி எடுக்காவிடினும், பாலில் இரத்தமோ சீழோ காணினும், காம்பு குளிர்ந்து நீலம் பாய்ந்தாலும் விழுதை நம்பியிராமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அடைப்பானுக்கும் கோமாரிக்கும் முன்கூட்டிப் போடும் தடுப்பூசிக்கு ஈடான தழை எதுவுமில்லை. வெக்கை நோய் 2011-இல் உலகிலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்ததும் தடுப்பூசியே.

மாட்டு மருந்தைக் குதிரைக்குக் கொடுப்பது மற்றொரு கேடு. மாடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேற் கொள்ளும். குதிரையின் இரைப்பை மிகச் சிறிது. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. வயிற்றுவலியால் புரளும் குதிரைக்கு இஞ்சியும் பூண்டும் அரைத்து மூங்கிற் குழாயால் புகட்டினால், மருந்து நுரையீரலில் இறங்குதல் கூடும். உப்பிய இரைப்பை கிழிதலும் கூடும். தீனியை நிறுத்தி உடனே மருத்துவரை வரவழைப்பதே தகும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. கால்நடைத் தொற்று நோய்கள் பற்றிய 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அடைப்பானும், மனிதரையும் பற்றக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் குதிரை நோயும் அறிவிக்கப்படவேண்டியவை. உடையவர் கிராம அலுவலருக்குச் சொல்லவேண்டும். அவர் மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். பச்சிலை வைத்துப் பார்ப்போமென்று இதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணைச் சாவடியிலும் பால் சங்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்களாக. அதன் கீழே மடிவீக்க மருந்தின் அளவையும் எழுதலாம்.