‘பார்மட்’ ஒரு வைத்தியமா?

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அதற்குச் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். ‘பார்மட்’ போட வேண்டும்! சத்தம் வரவில்லையா? பார்மட். பிரிண்டர் ஓடவில்லையா? பார்மட். யந்திரம் ஆமை வேகத்தில் நகர்கிறதா? அதற்கும் பார்மட். தலைவலி, காய்ச்சல், கால் சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிற டாக்டரிடம் யாராவது இரண்டாவது முறை போவார்களா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

பார்மட் என்பது டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுகிற காரியம். வியாதி போகிறதோ இல்லையோ, வீட்டில் இருந்த பொருள் போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்!

பறிபோவது எது?

“‘சி’ டிரைவை மட்டும்தான் அழிக்கிறோம், பயப்படாதீர்கள்” என்று கடையில் தைரியம் சொல்வார்கள். வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிடுவார். ஆனால் கண்ணெதிரே திரையில் தெரிகிற டெஸ்க்டாப்பும், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்ற பெட்டிகளும் சாதாரணமாக இருப்பது அந்த ‘சி’ டிரைவில்தான். பெரும்பாலான வீடுகளில் வேறு எங்கேயும் எதுவும் இருப்பதில்லை.

மகளின் கல்யாணப் படங்கள், காலமான தகப்பனாரின் குரல், பத்து வருஷத்து வரிக் கணக்கு, பையன் விடிய விடிய எழுதிய கல்லூரிக் கட்டுரை எல்லாம் அங்கேதான் கிடக்கும். யந்திரத்தைப் பணம் கொடுத்து மறுபடி வாங்கலாம். தகப்பனாரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகையால் முதல் விதி இதுதான்: எந்த ரிப்பேருக்கும் முன்னால் நகல் எடுக்க வேண்டும். யந்திரம் கிளம்பவே மாட்டேன் என்றாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு யந்திரத்தில் மாட்டி நகல் எடுக்கப் பெரும்பாலும் வழி உண்டு. டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் யந்திரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். அது டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கு அறிகுறி. மேலும் மேலும் ஓட்டிப் பார்த்தால், மிஞ்சியிருப்பதும் போய்விடும்.

மூன்று இடங்கள்

பழுது வரக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, கையால் தொடக்கூடிய சாமான், அதாவது ஹார்டுவேர். இரண்டு, கண்ணுக்குத் தெரியாத சாப்ட்வேர். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே நிற்கிற டிரைவர்.

இந்த டிரைவர் வண்டி ஓட்டுகிறவர் அல்ல, துபாஷி! பழைய நாளில் கும்பினி துரைக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே இருவர் பாஷையும் தெரிந்த துபாஷி நின்றார். அதுபோல விண்டோஸ் சொல்வதைப் பிரிண்டருக்கும், பிரிண்டர் சொல்வதை விண்டோஸுக்கும் எடுத்துச் சொல்கிற சிறு சாப்ட்வேர்தான் டிரைவர். துபாஷி உளறினால் துரைமீதும் குற்றமில்லை, வியாபாரிமீதும் குற்றமில்லை. ஆனால் வியாபாரம் நின்றுபோகும். பிரிண்டரும் நன்றாக இருந்து, கம்ப்யூட்டரும் நன்றாக இருந்து, காகிதம் மட்டும் வராமல் இருப்பது பல சமயங்களில் இதனால்தான்.

மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை. கண்டுபிடித்துவிட்டால் பரிகாரம் சுலபம்.

ஒரு சின்னப் பாட்டரி செய்யும் கூத்து

ஓர் உதாரணம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நாலணாக் காசு போல ஒரு வட்டமான பாட்டரி இருக்கிறது. ‘சிஆர் 2032’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் வேலை. சில வருஷங்களில் அது தீர்ந்துபோகும்.

இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது நம் ஊர் வழக்கம். பாட்டரி தீர்ந்த யந்திரம் மறுநாள் காலையில் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். இணையதளங்கள் தங்கள் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டுகின்றன. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. யந்திரத்தின் தேதி தப்பாக இருந்தால், அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, ‘இந்த இடம் பாதுகாப்பானது அல்ல’ என்று கூச்சல் போடும். பாங்கிக் கணக்கைத் திறக்க முடியாது.

வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? வைரஸ் வந்துவிட்டது! கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பார்மட் நடக்கும். அன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி! நூறு ரூபாய்க்குள் தீர வேண்டிய காரியத்துக்குப் பணமும் போயிற்று, படங்களும் போயின. திரையின் மூலையில் இருக்கும் தேதியை ஒருவர் ஏறிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியவை

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பிளக், ஒயர், பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச். விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் மானிட்டர் ஒயர். அதன் பிறகு ‘ராம்’ எனும் நினைவுப் பலகை. மின்சார ஒயரை உருவிவிட்டு, பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு, பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்தி மாட்டினாலே பல யந்திரங்கள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

கால்மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்தால், சூடு. நம் ஊர்த் தூசி, விசிறியிலும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளிலும் கம்பளிபோலப் படிந்திருக்கும். மெதுவாக ஓடினால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். டாஸ்க் மானேஜர் வரும். ராமைத் தின்பது யார், டிஸ்க்கைத் தின்பது யார் என்று பெயரோடு சொல்லிவிடும். பழைய சுழல் டிஸ்க்காக இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது புது யந்திரம் வாங்கியதற்குச் சமம்.

சாமானா, சாப்ட்வேரா என்று தெரியாவிட்டால் அதற்கும் சோதனை உண்டு. விண்டோஸில் ‘ஸேப் மோட்’ என்று ஒரு வழி இருக்கிறது. அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு யந்திரம் கிளம்பும். அதில் ஒழுங்காக ஓடினால், பின்னால் வந்து சேர்ந்த ஏதோ ஒரு டிரைவரோ சாப்ட்வேரோதான் குற்றவாளி. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கிளப்பிப் பார்ப்பது இன்னொரு சோதனை. அங்கே சத்தம் கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. விண்டோஸின் துபாஷிதான் சரியில்லை. அப்போது டிவைஸ் மானேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த ஒரு டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினாலோ, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டாலோ போதும். ‘எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்கிற சாப்ட்வேர்களை நம்பாமல் இருப்பது நல்லது.

தொடக்கூடாதவையும் உண்டு. மின்சாரம் கொடுக்கும் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். வீங்கிப்போன லேப்டாப் பாட்டரியையும் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

‘உங்கள் யந்திரத்தில் வைரஸ்! இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்’ என்று திரையை அடைத்துக்கொண்டு வரும் அறிவிப்பு, பழுதே அல்ல, மோசடி. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் இருப்பதில்லை. ஏமாந்து பணம் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்க வேண்டும்.

உலகமே நின்ற நாள்

டிரைவர் என்பது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலை 19-ந் தேதியை நினைத்துப் பார்க்கலாம். அன்று விமான நிலையங்கள், பாங்கிகள், ஆஸ்பத்திரிகள் எனப் பல நாடுகளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றன. சுமார் 85 லட்சம் யந்திரங்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு சாப்ட்வேர், டிரைவராக யந்திரத்தின் அடிமட்டத்தில் இயங்குவது. அதற்கு வந்த ஒரு தவறான கோப்புதான் காரணம்.

பரிகாரம் என்ன? யாரும் 85 லட்சம் யந்திரங்களுக்குப் பார்மட் போடச் சொல்லவில்லை. ஸேப் மோடில் கிளப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டு, மறுபடி கிளப்பச் சொன்னார்கள். உலகத்தையே நிறுத்திய வியாதிக்கே அவ்வளவு சின்ன மருந்து என்றால், வீட்டுப் பிரிண்டருக்கு எதற்குப் பெரிய மருந்து?

நோட்டில் ஒட்டிய பூச்சி

1947 செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ‘மார்க் 2’ என்ற பிரம்மாண்டமான கணக்கு யந்திரம் தகராறு செய்தது. வேலை செய்தவர்கள் தேடிக்கொண்டே போனார்கள். 70-ம் நம்பர் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, தினக்குறிப்பு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரமும் இடமும் எழுதி வைத்தார்கள். யந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. நிஜப் பூச்சியே அகப்பட்டதுதான் வேடிக்கை. அந்த நோட்டு இன்றும் ஸ்மித்சோனியன் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

வேடிக்கைக்குள் பாடமும் இருக்கிறது. அவர்கள் தேடினார்கள், கண்டதை எழுதினார்கள். பால் கணக்குக்கு நோட்டு வைத்திருக்கும் வீட்டில், கம்ப்யூட்டருக்கும் நாலு பக்கம் ஒதுக்கினால் என்ன? என்றைக்குத் தகராறு தொடங்கிற்று, அதற்கு முன்தினம் புதிதாக என்ன ஏற்றப்பட்டது, திரையில் என்ன எழுத்து வந்தது என்று குறித்து வைத்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ‘பிட்லாக்கர்’ இருக்கிற யந்திரமானால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் அதே நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ராமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, விண்டோஸையும் மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பழி யார்மீது?

ரிப்பேர்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சென்னை ரிச்சித் தெருவானாலும் சரி, சின்ன ஊர்க் கடையானாலும் சரி, அவர்களில் கெட்டிக்காரர்கள் ஏராளம். பழுதைத் தேட மூன்று மணி நேரமாகலாம். பார்மட் போட ஒரு மணி நேரம் போதும். தேடிக் கண்டுபிடித்து, ஒரு ஒயரை அழுத்தி மாட்டிக் கொடுத்தால் வாடிக்கைக்காரர் என்ன சொல்கிறார்? “ஒன்றுமே மாற்றவில்லையே தம்பி, எதற்கு ஐந்நூறு ரூபாய்?” என்று சண்டைக்கு வருகிறார். அதே ஆள், பார்மட் போட்டதற்குக் கேட்ட பணத்தை மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறார்.

கை பிடித்துப் பார்த்ததற்கு டாக்டருக்குப் பீஸ் உண்டு. கம்ப்யூட்டர் வைத்தியருக்கு மட்டும் இல்லை என்றால், அவர் ஏன் நாடி பார்க்கப் போகிறார்? கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுக்கிற வழக்கம் வர வேண்டும். அது வந்தால் பார்மட் மோகம் தானாகக் குறையும்.

வாடிக்கைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பழுது சாமானிலா, டிரைவரிலா, சாப்ட்வேரிலா? அது எப்படித் தெரிந்தது? உள்ளே இருப்பதற்கு நகல் எடுத்தாயிற்றா? இவற்றுக்குப் பதில் வரும் வரையில் பார்மட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது. வைரஸ் வேரோடிப்போய்விட்டது, விண்டோஸின் கோப்புகளே சிதைந்து வேறு வழியில்லை என்றால் பார்மட் சரியான வைத்தியம்தான். ஆனால் அது கடைசி வைத்தியம். முதல் வைத்தியம் அல்ல.

எறிந்துவிடுவதா?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அது இல்லாத பழைய யந்திரங்களைப் பலர் பழைய இரும்புக்குப் போடத் துணிந்துவிட்டார்கள். யந்திரத்தின் கை கால் நன்றாகத்தான் இருக்கின்றன. அதில் லினக்ஸ் ஏற்றினால் பிள்ளைகள் படிக்கலாம், கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பிப் படிக்கிற குடும்பங்கள் நாட்டில் எத்தனையோ இருக்க, நல்ல யந்திரத்தைத் தூக்கி எறிவது பாபம்.

வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காரணம் என்னவென்று கேட்காமல் யாரும் மருந்து கொடுப்பதில்லை. கம்ப்யூட்டருக்கும் அந்த நிதானம் வேண்டும். முதலில் நகல்; பிறகு நாடி; அதன் பிறகுதான் மருந்து. இந்த வரிசை மாறாத வீட்டில் படங்களும் பிழைக்கும், பணமும் பிழைக்கும்.