திறந்த வகுப்பறையும் மூடிய வகுப்பறையும்

1940-ஆம் ஆண்டு பிரான்சு ஆறே வாரங்களில் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. தோல்விக்குப் படைத்தலைவர்களின் தவறுகள் காரணமாகலாம். ஆனால் தோற்றபின் அந்நாட்டார் நடந்துகொண்ட விதத்திற்கு அவர்களுடைய பழம்பகையே காரணம் என்பது என் கருத்து.

அப்பகையில் கன்னியர் மடப் பள்ளிகளுக்கும் இடமுண்டு. 1904-இல் வந்த ஒரு சட்டம், துறவற சபையினர் கற்பிக்கவே கூடாது என்று தடுத்தது. (நமக்கு அப்படி நேர்ந்தால்? எண்ணிப் பாருங்கள் தோழியரே!) அதனால் கத்தோலிக்கர் பலர் குடியரசையே வெறுத்தனர். 1936-இல் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்று லெயோன் ப்ளூம் பிரதமரானார். இப்பழம்பெரும் நாட்டை ஒரு யூதர் ஆள்வதா என்று வல்லா என்ற உறுப்பினர் பாராளுமன்றத்திலேயே இகழ்ந்தார்.

1940 ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய உறுப்பினர்களுள் 569 பேர், 84 வயது மார்ஷல் பெத்தேனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தனர். மறுத்தவர் 80 பேரே. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் போய், 'உழைப்பு, குடும்பம், தாய்நாடு' வந்தது. மூன்றும் நல்ல சொற்கள்தாம். நம் மறைக்கல்வி வகுப்பிலும் கேட்கிறோம். செப்டம்பர் 3 அன்று பெத்தேன் அரசு 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. கன்னியர் மகிழ்ந்திருப்பர். அக்டோபர் 3 அன்று அதே அரசு, யூதர் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. சரியாக ஒரே மாதம்!

முதற் சட்டத்திற்கு நன்றி கூறியதில் தவறில்லை. இரண்டாவதைக் கண்டும் ஆயர்கள் வெளிப்படையாக எதிர்க்காததை என்னால் ஏற்க இயலவில்லை. பேசினால் ஆபத்து என்று சிலர் கூறுவர். 1942-இல் ஆபத்து இன்னும் பெரிதன்றோ? ஜூலையில் பாரிசில் பிரெஞ்சுப் போலீசாரே ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தனர். அவர்களுள் நாலாயிரத்திற்கு மேற்பட்டோர் குழந்தைகள். ஆனாலும் துலூஸ் பேராயர் சலியேஜ், பக்கவாதத்தால் பேச்சே குழறிய அம்முதியவர், யூதரும் நம் சகோதரரே என்று சுற்றுமடல் எழுதினார். அரசு தடுத்தும் ஆகஸ்டு 23, ஞாயிறன்று பல கோயில்களில் அது வாசிக்கப்பட்டது.

மற்ற ஆயர்களின் மௌனத்திற்காக பிரெஞ்சு ஆயர்கள் 1997-இல்தான் மன்னிப்புக் கேட்டனர். அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு கன்னியர் வேறு வழி கண்டிருந்தார். கப்தெனாக் என்ற ஊரில் மடப் பள்ளியை நடத்திய சகோதரி தெனிஸ் பெர்கோன், எண்பதுக்கும் மேற்பட்ட யூதப் பிள்ளைகளைத் தம் மாணவருடன் மறைத்து வைத்தார். அதற்காகப் பொய் சொல்லலாமா என்று அவர் சலியேஜிடமே கேட்டார். சொல்லலாம் என்றார் பேராயர்.